நீளமான வழியே விரைவான வழி

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் விமானம் ஒன்றின் பாதையை மாற்றியது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைநில்லாமல் செல்லும் விமானம் அது. அதுவரை மேற்கே திரும்பி, அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. புதிய வழி கிழக்கே திரும்பி பசிபிக் பெருங்கடலின் மேலே சென்றது. அதன் நீளம் சுமார் 15,300 கி.மீ. கூடுதலாகப் பறக்க வேண்டிய தூரம் மட்டுமே 1,400 கி.மீ. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான வான்வழித் தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனாலும் விமானம் முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவாக, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வழியிலும் பறந்தது அதே போயிங் 777 ரகம்தான். எஞ்சினை யாரும் கூடுதலாக முடுக்கவில்லை. பள்ளியில் நாம் படித்த கணக்கு, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்கிறது. அந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் எந்தத் தூரம், எந்த வேகம் என்பதைச் சரியாகச் சொன்னால்தான் அது விடை தரும். தில்லி–சான் பிரான்சிஸ்கோ பயணத்தையே எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உருண்டையின் மேல் ஒரு நூல்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் என்ன என்று கேட்டால், முதலில் கிடைப்பது வடிவியலின் விடை. ஓர் உலக உருண்டையை எடுத்து, தில்லியில் நூலின் ஒரு முனையையும் சான் பிரான்சிஸ்கோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். தொய்வில்லாமல் நிற்கும் அந்த நூல்தான் மிகக் குறுகிய வழி. அதை அப்படியே நீட்டிக்கொண்டே போனால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டமாகும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

நூல் இல்லாமலும் இதைக் கணக்கிடலாம். தில்லி விமான நிலையம் வடக்கு 28.57, கிழக்கு 77.10 பாகையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வடக்கு 37.62, மேற்கு 122.38 பாகை. இரண்டின் தீர்க்கரேகை வேறுபாடு 160.52 பாகை. இப்போது மூன்றே படிகள். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.478 × 0.610 = 0.292. அவற்றின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கினால் 0.878 × 0.792 × (–0.943) = –0.656. இரண்டையும் கூட்டினால் –0.364. இந்தக் கொசைனுக்கு உரிய கோணம் 111.3 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு நகரங்களும் விரிக்கும் கோணம் அது. பூமிப் பரப்பில் ஒரு பாகை 111.2 கி.மீ. ஆகவே தூரம் ஏறக்குறைய 12,380 கி.மீ. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால் மிகத் துல்லியமான கணக்கில் சிறு வித்தியாசம் வரும். அது அரை சதவீதத்தைத் தாண்டாது.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இந்த வழியை வரைந்தால் வியப்பாக இருக்கும். தில்லியிலிருந்து கிளம்பும் கோடு கிழக்கே போகாமல் கிட்டத்தட்ட வடக்கே ஏறுகிறது. திபெத், சிஞ்சியாங், சைபீரியா எனக் கடந்து, 75 பாகை அட்சரேகைக்கும் மேலே ஆர்க்டிக் கடலுக்குள் போய், அலாஸ்கா வழியாகக் கீழே இறங்குகிறது. அதே படத்தில் அளவுகோலை வைத்து இரு நகரங்களையும் நேர்கோட்டில் இணைத்தால் அது ஏறக்குறைய 14,960 கி.மீ. இத்தகைய படத்துக்கு அடிப்படையான, 1569இல் மெர்க்கேட்டர் வரைந்த படமுறை மாலுமிகளுக்காக உருவானது. அதில் நேர்கோடு என்பது திசைகாட்டியின் முள்ளை மாற்றாமல் ஒரே திசையில் செல்லும் வழி. மாலுமிக்கு அது வசதி; ஆனால் குறுகிய வழி அல்ல. இங்கே அந்த வசதியின் விலை 2,500 கி.மீ.க்கும் மேல்.

எனவே வடிவியல் சொல்லும் விடை 12,380 கி.மீ. ஆனால் ஏர் இந்தியாவின் பழைய வழி 13,900, புதிய வழி 15,300. மிகக் குறுகிய வழியில் விமானம் ஏன் போகவில்லை?

வழியில் நிற்கும் மலையும் எல்லையும்

முதல் தடை தில்லிக்கு வடக்கே சுவராக நிற்கிறது. பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு எவரெஸ்ட்கூட எட்டாத தாழ்வில்தான் இருக்கிறது. சிக்கல் வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் பயணிகளின் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும். பெரும்பாலான விமானங்களில் அது சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் தரும். அதற்குள் விமானி மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே முகமூடி இல்லாமலே மூச்சு விடலாம். திபெத் பீடபூமியின் சராசரி உயரமோ நாலரை கிலோமீட்டருக்கும் மேல். இறங்க வேண்டிய உயரத்தில் காற்றுக்குப் பதில் தரை இருக்கிறது. ஆகவே தப்பிக்கும் வழி முன்கூட்டியே வகுக்கப்படாமல் அந்தப் பகுதியில் பறக்க முடியாது. பெரும்பாலான விமானங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இரண்டாவது தடை எஞ்சின் விதி. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றொன்றின் துணையோடு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைந்தாக வேண்டும். ஒரு காலத்தில் இந்த வரம்பு 60 நிமிடம். 1985இல் 120 நிமிடமாக உயர்ந்தது. எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக் கூட, இன்று 777 போன்ற விமானங்களுக்கு மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் அனுமதி இருக்கிறது. பசிபிக் வழி சாத்தியமானதே இந்தத் தளர்வால்தான். ஆனால் விதி காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானத்தில் ஓர் எஞ்சினில் கோளாறு ஏற்பட்டது. 216 பயணிகளோடும் 16 ஊழியர்களோடும் அது ரஷ்யாவின் தூரகிழக்கில் உள்ள மகதான் நகரில் பத்திரமாக இறங்கியது. யாரும் போக நினைக்காத ஊரும் இப்படி வழித்திட்டத்தில் ஓர் ஒதுங்குமிடமாக எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது தடை அரசியல். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்றிப்போக நேர்ந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் அதே நிலை. 2022இலிருந்து ரஷ்ய வான்வெளி அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. இந்திய நிறுவனங்களுக்குத் திறந்திருக்கிறது. தூரம் மாறாத அதே இரு ஊர்களுக்கு இடையே, வாலில் எந்த நாட்டின் விமானம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்துப் பயண நேரம் மாறுகிறது.

இவை போன்ற தடைகளே 12,380 கி.மீ. ஏன் 13,900 ஆனது என்பதற்குக் காரணங்கள். 15,300 கி.மீ. ஏன் விரைவாக முடிகிறது என்பதற்கு விடை தரையில் இல்லை.

காற்றுக்குள் எத்தனை கிலோமீட்டர்?

777 விமானம் வழக்கமாக ஒலியின் வேகத்தில் 84 சதவீதத்தில் பறக்கும். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுமாராக மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியே மெதுவாகத்தான் செல்லும், நொடிக்கு 295 மீட்டர். அதில் 84 சதவீதம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 890 கி.மீ. இது விமானத்தைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் வரும் வேகம். இறக்கைக்குத் தெரிவது இந்த வேகம் மட்டுமே. கீழே தரை எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பது இறக்கைக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

காவிரியில் பரிசல் ஓட்டுபவர் இதை அனுபவத்தில் அறிவார். அவர் துடுப்புப் போடும் வேகம் ஒன்றே. ஆற்றோட்டத்தோடு போகும்போது கரை விரைந்து பின்னால் போகும். எதிர்த்து வரும்போது அதே உழைப்புக்குக் கரை மெல்லத்தான் நகரும். கரையில் நிற்பவர் காண்பது இரண்டு வேகங்களின் கூட்டலை அல்லது கழித்தலை.

இப்போது இரண்டு வழிகளையும் காற்றின் கணக்கில் அளந்து பார்ப்போம். பசிபிக் வழியில் பதினான்கரை மணி நேரம், மணிக்கு 890 கி.மீ. என்றால் விமானம் காற்றுக்குள் கடந்தது சுமார் 12,900 கி.மீ. மீதி 2,400 கி.மீ. தூரத்தைக் காற்றே சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. அட்லாண்டிக் வழியில் தரைத் தூரம் 13,900 கி.மீ.தான். ஆனால் அங்கே மேற்கு நோக்கிய பயணம், எதிரே காற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பறந்ததால் காற்றுக்குள் கடந்த தூரம் 14,500 கி.மீ.க்கும் மேல் ஆகிறது. புறப்பாடு, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்ந்த தோராயக் கணக்குத்தான் இது என்றாலும் சேதி தெளிவு. தரையில் அளந்தால் பசிபிக் வழி 1,400 கி.மீ. அதிகம். காற்றில் அளந்தால் அது 1,600 கி.மீ. அளவுக்குக் குறைவு. எரிபொருள் எரிவதும் நேரம் செலவாவதும் காற்றுக்குள் கடக்கும் தூரத்துக்காக. பயணச்சீட்டில் நாம் வாங்குவது தரைத் தூரத்தை. விமானம் பறந்து தீர்ப்பது காற்றுத் தூரத்தை.

இன்னொன்றும் இங்கே புலப்படுகிறது. பெருவட்டக் கணக்கு ஒதுக்கித் தள்ளிய, தட்டைப் படத்து நேர்கோட்டின் நீளம் 14,960 கி.மீ. காற்றைக் கணக்கில் சேர்த்த பிறகு ஏறக்குறைய அதே நீளமுள்ள வழிதான் லாபமானதாக முடிந்தது.

ஜெட் காற்று

இவ்வளவு வேலை செய்யும் காற்று எங்கிருந்து வருகிறது? வெப்பமண்டலத்தின் காற்று சூடானது, விரிந்து உயர்ந்து நிற்கும். துருவப் பக்கத்துக் காற்று குளிர்ந்தது, அடர்ந்து தாழ்ந்து கிடக்கும். அதனால் ஒரே உயரத்தில், எடுத்துக்காட்டாகப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், தெற்கே அழுத்தம் அதிகமாகவும் வடக்கே குறைவாகவும் இருக்கிறது. காற்று வடக்கு நோக்கிப் பாயத் தொடங்கும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடும் எதுவும் வலப்பக்கம் திரும்பும். வடக்கே கிளம்பிய காற்று கிழக்கே திரும்பிவிடுகிறது. சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலான வேறுபாடு குறுகிய பட்டையில் செறிந்திருக்கும் இடங்களில் இந்தக் காற்று ஓர் ஆறுபோலக் குவிந்து ஓடும். இதுவே ஜெட் காற்று. குளிர்காலத்தில் அந்த வேறுபாடு பெருகுவதால் அப்போதுதான் இதற்கு முழு வலிமை. ஆசியக் கண்டத்தின் கடுங்குளிரும் பசிபிக்கின் வெதுவெதுப்பும் சந்திக்கும் ஜப்பான் பகுதியில் குளிர்காலத்தில் இது மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது வழக்கம்.

அதனால் இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானியர் என்பதில் பொருத்தம் இருக்கிறது. வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் தத்தேனோ என்ற ஊரிலிருந்த ஆய்வு நிலையத்தில் 1923 முதல் 1925 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டு, தியோடலைட் கருவியால் அவற்றைத் தொடர்ந்து நோக்கினார். 1924 டிசம்பர் 2 அன்று அவர் அளந்த காற்று ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்கு 260 கி.மீ. அளவில் வீசியது. உலகமே படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அவர் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். அந்த மொழி அறிந்தவர் சிலரே என்பதால் அது உலகின் கண்ணில் படாமல் போனது. 1944 நவம்பரில் டோக்கியோ மீது உயரப் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு இலக்கைத் தவறவிட்டபோதுதான் அதன் பலம் அவர்களுக்கு நேரடியாகப் புரிந்தது.

இந்த ஆற்றில் இறங்கினால் என்ன வேகம் கிடைக்கும்? 2020 பிப்ரவரி 8 இரவு நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். தரையை வைத்துப் பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,327 கி.மீ. ஒலியை மிஞ்சிய எண்போலத் தெரியும். ஆனால் காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமான வேகம்தான். ஒலித் தடையை அது தொடவே இல்லை.

போகும்போது கிடைத்தது வரும்போது போகுமா?

போகும்போது காற்று உதவும், வரும்போது தடுக்கும், இரண்டும் சமமாகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. லண்டன்–நியூயார்க் 5,540 கி.மீ. காற்றே இல்லாவிட்டால், மணிக்கு 890 கி.மீ. வேகத்தில் போக வர 12 மணி 27 நிமிடம். மணிக்கு 110 கி.மீ. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசட்டும். கிழக்கே வர 5 மணி 32 நிமிடம், மேற்கே திரும்ப 7 மணி 6 நிமிடம். மொத்தம் 12 மணி 38 நிமிடம். பதினொரு நிமிடம் நட்டம். உதவும் காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது. எதிர்க்காற்றில் அதிக நேரம் அகப்பட்டிருக்கிறது. எனவே ஒரே பாதையில் போய் வரும் பயணத்தில் காற்று எப்போதும் நட்டமே தரும். ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதன் நாளைய வடிவத்தைக் காட்டியது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் அட்லாண்டிக் ஜெட் காற்று வலுக்கும். கிழக்கே போகும் நேரம் குறைவதைவிட மேற்கே போகும் நேரம் அதிகமாகக் கூடும்.

இந்த நட்டத்திலிருந்து தப்ப ஒரு வழி, திரும்பும்போதும் காற்றோடு திரும்புவது. தில்லி–சான் பிரான்சிஸ்கோ வழியின் அழகு இங்கே இருக்கிறது. இரு ஊர்களும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. பசிபிக் வழியாகக் கிழக்கே போன விமானம், அட்லாண்டிக் வழியாக மறுபடியும் கிழக்கே பறந்து தில்லி திரும்பலாம். ஏர் இந்தியா அப்படித்தான் செய்தது. ஒவ்வொரு முறை போய் வந்தபோதும் அந்த விமானம் உலகத்தைச் சுற்றி முடித்தது.

காற்றோடு போவது மட்டுமே உத்தி அல்ல; காற்று வலுவில்லாத இடம் தேடிப் போவதும் உண்டு. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், முழுவதும் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூர் வந்தது. பெருவட்டக் கணக்கில் இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 14,000 கி.மீ. அவர்கள் பறந்தது சுமார் 16,000 கி.மீ. ஜெட் காற்று ஓடும் பட்டை தெற்கே கிடக்க, அதற்கு மேலே ஏறிக் கடந்த வழி அது.

துருவ வழிக்கு அதற்கே உரிய கவலை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக நிரப்பப்படும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். வெளிக் காற்று மைனஸ் 60க்கும் கீழே போகலாம். இறக்கைத் தொட்டிகளில் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரும். விமானியின் முன்னால் அதன் வெப்பநிலை தெரிந்துகொண்டே இருக்கும். உறைநிலைக்கு மூன்று டிகிரி மேலே, மைனஸ் 37ஐ நெருங்கினால் ஏதாவது செய்தாக வேண்டும். வெதுவெதுப்பான உயரத்துக்கு இறங்கலாம். அல்லது வேகத்தைக் கூட்டலாம், காற்று உராய்ந்து இறக்கை சற்றே சூடாகும். இரண்டுமே பயண நேரத்தை மாற்றும்.

அட்டவணையில் எழுதும் நேரம்

பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் இவற்றுக்கெல்லாம் மேலே இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது. அது சக்கரக் கட்டைகளை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் வரையிலான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்குவதற்கு முன் வானில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஜெட் காற்று பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அட்டவணையில் வெவ்வேறு நேரங்கள் எழுதப்படும்.

அட்டவணை சராசரியைத்தான் சொல்லும். இன்றைய பயணத்துக்கு இன்றைய காற்று வேண்டும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் சில மணி நேரம் முன்பு, டிஸ்பாட்சர் எனப்படும் வழித்திட்ட வல்லுநர் கணினியில் பல பாதைகளையும் பல உயரங்களையும் ஓட்டிப் பார்த்து, காற்றுக்குள் மிகக் குறைந்த தூரம் கொண்ட, அனுமதிக்குட்பட்ட வழியைத் தேர்ந்தெடுக்கிறார். எவ்வளவு எரிபொருள் நிரப்புவது என்பது அந்த விடையிலிருந்து வருகிறது. நேற்று சென்ற வழி இன்று ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப்போகலாம்.

அவருக்கு வேண்டிய காற்று முன்னறிவிப்பை லண்டன், வாஷிங்டன் என்ற பெயர்களில் இயங்கும் இரு உலக மையங்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. அந்த முன்னறிவிப்புக்கு உலகெங்கும் நிலையங்கள் பறக்கவிடும் பலூன்களின் அளவீடுகள் தேவை. சென்னை மீனம்பாக்கமும் அத்தகைய நிலையங்களில் ஒன்று. செயற்கைக்கோள்களும் தரவு தருகின்றன. இவற்றோடு, பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானங்களே தாம் கடக்கும் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து அனுப்புகின்றன. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது இந்த அளவீடுகள் பெருமளவு குறைந்ததை ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் சுட்டிக்காட்டியது.

பெருவட்டத் தூரத்தை ஒருமுறை கணக்கிட்டால் போதும். விமான நிலையங்கள் இடம்மாறாதவரை அது மாறாது. பயண நேரத்தையோ ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களில் பலவும், நமக்கு முன்னால் அதே வானத்தைக் கடந்துபோன விமானங்கள் அனுப்பியவை.